அத்தையின் மாடுகளும் மஞ்சள் தண்ணீரும்

ஓடிக்கொண்டிருக்கும் எந்தச் சாமானையும் திறந்து பார்க்கக் கூடாது. இது எல்லா ஆண்களுக்கும் தெரிந்த விஷயம்தான். என்ன, ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் தெரியும். எனக்கு இது தெரியவந்தது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோவில் வாசலில், ஆயுத பூசை அன்று, லயத்து வரிசை வீடுகளின் ஜனம் முழுக்கக் கைகூப்பி நின்ற வேளையில்.

அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முழுப் பேச்சு என்று சொல்ல முடியாது, முக்கால் பேச்சு. மாலா சம்மதித்துவிட்டாள். என் அம்மா சம்மதித்துவிட்டார். (அம்மா நான் யாரைக் காட்டியிருந்தாலும் சம்மதித்திருப்பார். வீட்டில் என்னை வைத்துச் சமாளித்தது போதும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டிருந்தார்.) மாலாவின் அப்பா ராமசாமி அந்தத் தோட்டத்தில் மண்டோர். குலை வெட்டுகிற ஆட்களையெல்லாம் அதட்டி உருட்டி வேலை வாங்குகிறவர். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு வசனம்தான்: "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அவுங்கம்மா என்னா சொல்றாங்கன்னு கேளுங்க."

அவுங்கம்மா, அதாவது இன்று என் மாமியாராகிவிட்ட பார்வதி அத்தை, சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் என் ஊரான பாரோயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, மம்பாவைத் தாண்டி, தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருவேன். அத்தை காப்பி கொடுப்பார். பிறகு மாடுகளைப் பார்க்கப் போய்விடுவார்.

நிஜ மாடுகள் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பழைய கேம் பெட்டிக்குள் இருந்த மாடுகள்.

அந்தப் பெட்டி மாலாவின் அண்ணன் சுரேனுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. அதில் விவசாயம் செய்கிற விளையாட்டுக் கேசட் ஒன்று இருந்தது. நிலத்தைக் கொத்த வேண்டும், விதைக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், மாட்டுக்கும் கோழிக்கும் தீனி வைக்க வேண்டும். சுரேன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டான். போன பிறகுதான் கவலை வந்து, "ம்மா, என் மாட்டுக்கு மட்டும் தெனம் தீனி போட்டுருங்கம்மா, லீவுல வந்து நான் பாத்துக்கிறேன்" என்று போனில் கெஞ்சினான். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று போனிலேயே சொல்லியும் கொடுத்தான். அப்புறம் அவனுக்கு லீவு கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. மாடுகளை அவன் சுத்தமாக மறந்துபோனான். அத்தைக்கு மட்டும் மறக்கவில்லை. வருஷக்கணக்காகத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தைக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த விளையாட்டில் அவருக்குத் தெரியாத மூலை கிடையாது. உள்ளே ஒரு குட்டி டிவி இருக்கும். அதில் மறுநாள் மழையா வெயிலா என்று காட்டுவார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று, "நாளைக்கு மழ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பக்கத்து வீட்டுச் சரசக்கா அதை நம்பிக் காயப்போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே வைத்துவிடுவார். ஒருமுறை நான் போனபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கோழி செத்துப்போச்சு தம்பி" என்றார். நான் துக்க வீட்டுக்கு வந்தவனைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நாட்டுக் கோழியா ஆன்ட்டி?" என்று கேட்டேன். மாலா எழுந்து அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள்.

நானும் முதலில் சிரித்தவன்தான். ஒருநாள் மாலாதான் எனக்கு விளக்கினாள். அவள் அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து மிதித்ததெல்லாம் கம்பெனி மண். குடியிருப்பது கம்பெனி வீடு. வாசலில் ஆசையாக வளர்த்த கறிவேப்பிலையைக்கூட, ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ஒருநாள் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். "அந்தக் கேம்ல மட்டுந்தான் அம்மா நட்டது நட்ட எடத்துல இருக்கு" என்றாள் மாலா. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோழி செத்தால் ஒழுங்காகத் துக்கம் விசாரித்தேன்.

இப்போது அந்தப் பெட்டிக்கே ஆயுள் முடிகிற மாதிரி இருந்தது. திரையில் நெடுக்காகக் கோடுகள் விழுந்துவிட்டன. பேட்டரி மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் திரைக்கு உள்ளே விளக்கு கிடையாது. வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டித்தான் பார்க்க வேண்டும். அத்தைக்குப் பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் ஓரத்தில் நின்று பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு மாட்டைத் தேடுவார். வானம் மூடினால் அன்றைக்கு மாடுகள் பட்டினி.

அப்படி ஒரு மூடிய வானத்துக்குக் கீழேதான் அத்தை என்னைப் பார்த்து முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி எலக்ட்ரானிக்ஸ்ல தானே வேல செய்றீங்க? இத ஒண்ணும் பண்ண முடியாதா?"

இங்கே ஒரு சிறு விளக்கம். நான் செனவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தது உண்மை. என்ன பிரிவு என்பதைக் கல்யாணப் பேச்சில் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் இருந்தது பேக்கிங் பிரிவு. அட்டைப்பெட்டி, டேப்பு, ஸ்டிக்கர். பெட்டிக்குள் என்ன சாமான் போகிறது என்பதுகூட ஸ்டிக்கரைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

"பொலே ஆன்ட்டி, பண்ணலாம்" என்றேன். "ரிப்பேர் இல்ல, மோட் பண்ணிடுறேன். புதுத் திரை போட்டா உள்ளயே லைட் எரியும். கைப்பேசி மாதிரி சார்ஜ் போட்டுக்கலாம். இன்னும் இருவது வருசத்துக்கு அசையாது."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"மாட்டுக்கு என்னா ஆன்ட்டி ஆவும்? ராஜா மாதிரி இருக்கும்."

அத்தை பெட்டியை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார். கேசட்டை மட்டும் உருவி வைத்துக்கொண்டார். மண்டோர் பேப்பருக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "நல்லபடியா பண்ணிக் கொண்டாங்க தம்பி. அப்புறம் மத்தது பேசுவோம்." மத்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. என் கல்யாணம் மாட்டுக் கொட்டகையில் கட்டப்பட்டுவிட்டது.

திரையும் சார்ஜ் பேட்டரியும் சீனாவிலிருந்து தபாலில் வந்தன. சூடுகம்பியை அஸ்மான் கொடுத்தான். அவன் என் தொழிற்சாலையில் ரிப்பேர் பிரிவில் இருந்த நண்பன். ஈயத்தை உருக்கி ஒட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, "முதல்ல வேற எதுலயாவது பழகிக்கோ" என்று மலாயில் எச்சரித்தும் அனுப்பினான். அம்மாவின் பழைய ரேடியோவில் பழகினேன். ரேடியோ அன்றோடு வாயை மூடியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்துல வெரல சுட்டுக்காதடா. மோதிரம் போடுற வெரலு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் அத்தையின் பெட்டியைப் பிரித்தேன். புதுத் திரை பழையதைவிடப் பெரியது. ஓட்டின் உட்பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கத்தியால் சீவிச் சீவி இடம் பண்ண வேண்டும். காகிதம் போல் மெல்லிய ஒரு நாடாக் கம்பி. அதைச் செருகும்போது மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. முதலில் மாட்டியபோது படம் தலைகீழாக வந்தது. இரண்டாவது தடவை வரவே இல்லை. ஒரு திருகாணி மேசைக்கு அடியில் உருண்டு காணாமல் போய், நானும் அம்மாவும் தரையில் மண்டிபோட்டுத் தேடினோம். சாயங்காலம் அம்மா விளக்கேற்றுகிற நேரத்தில் பொத்தானைத் தள்ளினேன். திரை பளீரென்று எரிந்தது. ஒரு கோடுகூட இல்லை. நான் சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவன் ஒரு பெட்டிக்குள் உயிர் கொடுத்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வேலை மட்டும் பாக்கி. கேசட்டுக்குள் கைக்கடிகாரத்தில் போடுகிற மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அத்தையின் நிலம், மாடு, கோழி எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்திருப்பது அதுதான். அது செத்தால் எல்லாம் போய்விடும். இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய பேட்டரியை எடுத்துப் புதியதை ஒட்டிவிட்டால் ஒன்றும் அழியாது என்று வீடியோவில் காட்டினார்கள். அதை அத்தை வீட்டிலேயே, எல்லோர் முன்னாலும் செய்து கைதட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

ஆயுத பூசை அன்று காலை பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை கேசட்டைச் செருகி, திரை எரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்த மாட்டுக்கு நெத்தியில வெள்ளப் பொட்டு இருக்கு தம்பி. இத்தன வருசமா எனக்குத் தெரியவே இல்ல."

இந்த அம்மாவுக்கு மருமகனாக வேண்டும் என்ற ஆசை, மாலாவுக்காக மட்டும் இல்லாமல், அந்த நிமிஷம் தனியாகவே வந்தது.

"கேசட் பேட்டரி ஒண்ணு மாத்தணும் ஆன்ட்டி. அஞ்சு நிமிசம்."

"அதெல்லாம் அப்புறம். எஞ்சின் மாத்துன சாமானு. மொதல்ல பூச போடணும். பூச போடாம ஓட்டக் கூடாது."

மறுத்துப் பேசுகிற நிலைமையில் நான் இல்லை. எல்லோரும் கோவிலுக்குக் கிளம்பினோம்.

தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் கோவில் வாசலே ஒரு பட்டறை மாதிரி ஆகிவிடும். டிராக்டர், குலை ஏற்றும் லோரி, வரிசையாக மோட்டார்கள், நீளக் கம்பில் கட்டிய வெட்டுக் கத்திகள், புல்வெட்டி, சரசக்காவின் மாவு அரைக்கும் மிஷின் எல்லாம் சந்தனப் பொட்டோடு நிற்கும். உறுமி மேளக்காரர்கள் ஒரு பக்கம் தயாராக இருப்பார்கள். பூசாரி முத்தையா ஒவ்வொன்றாகப் பூசை செய்துகொண்டு வந்தார். அவரிடம் ஒரு கறாரான முறை உண்டு. போனட்டைத் திறந்து எஞ்சினுக்கே மஞ்சள் தண்ணீர் தெளித்தால்தான் பூசை. மேலே தெளித்தால் பெயிண்டுக்குத்தான் போகும், எஞ்சினுக்குப் போகாது என்பது அவர் கட்சி.

டிராக்டருக்கும் லோரிக்கும் ஆன பிறகு அத்தை தட்டோடு முன்னால் போனார். தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் கேம் பெட்டி. நான்கு மூலையிலும் நான்கு எலுமிச்சம்பழம்.

பூசாரி குனிந்து பார்த்தார். "இதுக்கு டயர் எங்க?"

"டயர் இல்ல சாமி" என்றேன்.

"அப்ப போனட்டு?"

இந்த இடத்தில் நான் "மூடியே இருக்கட்டும் சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் என் சட்டைப்பையில் திருப்புளி இருந்தது. அன்று காலையிலிருந்து அதை மருத்துவர்கள் குழாய் போட்டுக்கொள்வது போலப் பெருமையாக வெளியே தெரிய வைத்திருந்தேன். உள்ளே நான் ஒட்டியிருந்த ஈயப்புள்ளிகள் பளபளவென்று அழகாக வந்திருந்தன. மூடியை மாட்டினால் அதையெல்லாம் யார் பார்ப்பது?

மாலா என் முழங்கையைக் கிள்ளினாள். "வேணாம் குணா."

"ஒரு நிமிசம்லா."

பின் ஓட்டைக் கழற்றினேன். அதோடு விட்டேனா? எஞ்சின் ஓடினால்தானே மரியாதை என்று பொத்தானையும் தள்ளி ஓடவிட்டேன். கேசட் அதிலேயே செருகியிருந்தது. ஊர் எட்டிப் பார்த்தது. "பையன் கெட்டிக்காரன்தான்லா" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரனாக இருந்த நேரம் மொத்தம் அவ்வளவுதான்.

பூசாரி வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, லோரி எஞ்சினுக்கு எந்த வேகத்தில் அடித்தாரோ அதே வேகத்தில் அடித்தார்.

பெட்டி நீளமாக ஒரு சத்தம் போட்டது. திரை மஞ்சளாகி, வெள்ளையாகி, கோடு கோடாகிக் கறுத்தது. பிறகு பேட்டரிப் பக்கமிருந்து மெல்லிய புகை கிளம்பியது.

எனக்குப் புகை தெரிந்தது. ஊருக்குச் சாமி தெரிந்தது. கேம் பெட்டியிலிருந்து தானாகப் புகை வந்ததைப் பார்த்து எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். உறுமிக்காரர்கள் வெளுத்து வாங்க ஆரம்பித்தார்கள். சரசக்கா கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடத் தொடங்கிவிட்டார். "ரோசாக், ரோசாக், கெட்டுப்போயிரும், தண்ணி ஊத்தாதீங்க" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பூசாரி என் வாய் அசைவதைப் பார்த்து, எனக்கும் அருள் வந்துவிட்டது என்று நினைத்து, என் நெற்றியில் ஒரு கை விபூதியை அப்பினார்.

கண்ணெல்லாம் விபூதி. பேட்டரி வெடித்துவிடும் என்ற பயத்தில் தட்டைத் தடவிப் பெட்டியைப் பிடித்தேன். அது சுட்டது. ஆட்கள் இல்லாத பக்கமாக எறிய வேண்டும் என்று நினைத்து, நினைத்த பக்கத்துக்கு நேர் எதிராக எறிந்தேன். பெட்டி பறந்துபோய்ப் பூசாரியின் மஞ்சள் தண்ணீர் அண்டாவுக்குள் பொத்தென்று விழுந்தது. கேசட்டோடு.

தெளிப்பாக முடிந்திருக்க வேண்டிய பூசையை முழு அபிஷேகமாக முடித்துவைத்தவன் நான்தான்.

உறுமி ஒவ்வொன்றாக நின்றது. சரசக்கா ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையை முடிந்துகொண்டார். அத்தை அண்டாவுக்குள் கைவிட்டுப் பெட்டியை எடுத்தார். மஞ்சளாக ஒழுகியது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"மாடு?"

அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

பெட்டி அங்கேயே காலி. அதில் சந்தேகம் இல்லை. கேசட் பிழைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்க வேறொரு பெட்டி வேண்டும். அதுவரைக்கும் கேசட்டைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார் அத்தை. சோறாக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் கேசட்டைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அளந்த பிறகு மறுபடி புதைப்பாராம். மண்டோர் என்னிடம் போனில் சொன்னது இதுதான்: "மொதல்ல மாட்டப் பாப்போம் தம்பி. அப்புறம் மத்தது பேசுவோம்."

தோட்டத்திலிருந்து செய்தி பாரோய்க்கு வந்து சேரும்போது உருவம் மாறிவிட்டது. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா, பொண்ணு வீட்டுக்குப் போயி மாட்டையெல்லாம் தண்ணியில முக்கிக் கொன்னுட்டியாமே?"

"ம்மா, அது கேம் மாடும்மா."

"எந்த மாடா இருந்தா என்னா? வாயில்லா ஜீவன் பாவம் சும்மா விடாது."

அந்த வாரம் முழுக்க நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டி ஒரு லோட் முழுக்கத் திரும்பி வந்தது. மாலாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. மாலாவைவிட அவள் அம்மாதான் கண்ணுக்குள்ளேயே நின்றார். நெற்றிப் பொட்டைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைக்கே நானே அணைத்துவிட்டேன்.

கேட்காத ஆள் இல்லை, தேடாத கடை இல்லை. கடைசியில் அஸ்மான்தான் காப்பாற்றினான். அவன் வீடு சி ரூசாவில், கடற்கரை ரோட்டுக்குப் பின்னால். அவனுடைய அக்காவின் பழைய பெட்டி அலமாரியில் கிடப்பதாகச் சொன்னான். ஓடினேன். அதே மாதிரிப் பெட்டிதான். நிறம் மட்டும் கன்னத்தில் அறைந்த மாதிரி ரோஸ். மேலெல்லாம் பூனை ஸ்டிக்கர். "அம்பில் லா, வச்சுக்கோ" என்றான். வெளிச்சம் உள்ள திரை இல்லை, பரவாயில்லை. நல்ல வெயிலில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாளே வெயில் சுள்ளென்று அடித்த மத்தியானமாகப் பார்த்து அத்தை வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரத்தில் அத்தை, பக்கத்தில் மாலா, பின்னால் மண்டோர். ஜன்னலுக்கு வெளியே சரசக்காவின் தலை. அரிசி மாவு ஒட்டியிருந்த கேசட்டை ஊதி, செருகி, பொத்தானைத் தள்ளினேன்.

படம் வந்தது. எனக்கு உயிர் வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு வரி இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஒன்று, புதிதாகத் தொடங்கலாம் என்று ஒன்று. இப்போது புதிதாகத் தொடங்குகிற வரி மட்டும்தான் இருந்தது. அணைத்துப் போட்டேன். கழற்றிச் செருகினேன். ஒரு வரிதான்.

"என்னா தம்பி காட்டுது?" என்றார் அத்தை.

"போச்சு ஆன்ட்டி. மாடு, கோழி, நெலம், எல்லாம் போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் கேட்டு வந்த வீட்டில், ரோஸ் நிறப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். மண்டோர் என்ன செய்வதென்று தெரியாமல் காற்றாடியை என் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

அத்தை அழவில்லை. பெட்டியை வாங்கி வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். தெரிந்தோ தெரியாமலோ பொத்தானை அழுத்தினார்.

"மாலா, இது என்னா என்னமோ மின்னுது?"

"பேரு கேக்குதும்மா. நெலத்துக்குச் சொந்தக்காரங்க பேரு."

"முன்ன யாரு பேரு இருந்திச்சு?"

"அண்ணன் பேரும்மா. அவன்தானே ஆரம்பிச்சான்."

அத்தை யோசித்தார். அத்தனை வருஷமும் அவர் கொத்தியது, விதைத்தது, தீனி போட்டது எல்லாம் மகன் பேரில் இருந்த நிலத்தில் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுரேனுக்கும் அது ஞாபகம் இருந்திருக்காது.

"எம் பேரப் போடலாமா?" என்று கேட்டார். மாலாவைப் பார்த்துக் கேட்கவில்லை. மண்டோரைப் பார்த்துக் கேட்டார்.

மண்டோர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "போடுலா. வேற யாரு பேரப் போடறது?"

அதில் நான்கு இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் இடம். மாலா ஒவ்வொரு எழுத்தாகக் காட்டக் காட்ட, அத்தையே அழுத்தினார். பாரு என்று வந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்து நிலம் வந்தது. கல்லும் களையும் மண்டிக் கிடந்தது. ஒரு மாடு இல்லை, ஒரு கோழி இல்லை. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். நிஜமாகவே செருகிக்கொண்டார்.

"ஒரே கல்லா கெடக்குது. மொதல்ல இதப் பொறுக்கிப் போடணும்" என்றவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அழுதது போதும். கண்ணத் தொடச்சிட்டு இப்படி வெளிச்சத்துக்கு வந்து உக்காருங்க மாப்ள."

ஜன்னலுக்கு வெளியே சரசக்கா, "கேட்டீங்களா, மாப்ளேன்னுட்டா" என்று லயம் முழுக்க ஓடிப் போய்ச் சொன்னார். மண்டோர் மத்ததைப் பேச நல்ல நாள் பார்க்க ஆரம்பித்தார்.

பிறகு அந்த ரோஸ் பெட்டியையும் நானே மோட் செய்தேன். திரை, சார்ஜ், கேசட்டுக்குப் புதுப் பேட்டரி எல்லாம் போட்டு, ஓட்டைத் திருகி முடித்ததும், திருப்புளியை மாலா வாங்கிப் பூட்டி வைத்துவிட்டாள். இன்றைக்கும் அது ஒரு கோடு விழாமல் ஓடுகிறது. அத்தையும் மாமாவும் வேலையை விட்டு, பாரோயில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவுக்கு வந்துவிட்டார்கள். பாரு எஸ்டேட்டும் கூடவே வந்தது. சுரேன் ஒவ்வொரு தீபாவளிக்கும், "என் நெலத்த எங்கம்மா அவுங்க பேருக்கு எழுதிக்கிட்டாங்க" என்று புகார் சொல்லுவான். "மாப்ள வழியா சட்டப்படி மாத்திக்கிட்டேன்" என்பார் அத்தை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தை அந்த நிலத்துக்கு முதல் மாட்டை வாங்கியிருக்கிறார். மாட்டுக்கும் அது பேர் கேட்டிருக்கிறது. மாலா புடவை எடுக்கப் போயிருந்தாள். உதவிக்கு ஆள் இல்லை. மேசையில் எங்கள் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. இங்கிலீஷ் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த முதல் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, இடம் தீரும் வரைக்கும் அழுத்தினாராம். அந்த மாட்டின் பெயர் குணா.

"குணா இன்னிக்குப் பால் குடுக்கல", "குணாவ ரெண்டு நாளா குளிப்பாட்டல, மூஞ்சத் தூக்கி வச்சிருக்கு" என்று என் மாமியார் தெருவில் நின்று சொல்வதைப் பல வருஷமாகக் கேட்டு வாழ்கிறவன் நான். புதிதாகக் குடிவந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போன மாதம் வேலையிடத்தில் இருந்தபோது அத்தையின் போன் வந்தது. கையில் டேப்பு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அத்தையின் குரல் பேக்கிங் பிரிவு முழுக்கக் கேட்டது.

"மாப்ள, குணா கன்னு போட்டிருச்சு. ரெண்டும் நல்லாருக்கு."

ரிப்பேர் பிரிவிலிருந்து வந்திருந்த அஸ்மானுக்கு இத்தனை வருஷத்தில் அவ்வளவு தமிழ் வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தானியா லா, குணா" என்று மலாயில் வாழ்த்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மற்றவர்களும் வரிசையில் வந்து குலுக்கினார்கள். அத்தையின் குரலில் இருந்த சந்தோஷத்தில் நானும் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டேன்.